பசையில்லாமல் கட்டிய பதிவேடு

படிக்கிற புத்தகம் வேறு, எழுதுகிற புத்தகம் வேறு. இரண்டையும் ஒரே மாதிரி பைண்டிங் செய்தால் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். இங்கிலாந்தில் இவற்றை இரண்டு தனித் தொழில்களாகவே வைத்திருந்தார்கள். அச்சடித்த புத்தகங்களைக் கட்டுகிறவர்கள் ஒரு பக்கம். கணக்கேடு, பேரேடு, பதிவேடு என்று வெற்றுத் தாள்களைக் கட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். காரணம் எளிமையானது. ஒரு நாவலைக் கையில் பிடித்துப் பாதி திறந்தே படித்துவிடலாம். பேரேடு அப்படியல்ல. மேசைமேல் தட்டையாகக் கிடக்க வேண்டும். பேனா நடு மடிப்பு வரை போய்வர வேண்டும். நாள்தோறும் திறந்து மூடினாலும் ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும்.

நான் கட்டுவது இந்த இரண்டாவது வகை. உள்ளே ஒரு வரிகூட அச்சடிக்காத, கையால் தைத்த பதிவேடுகள். இந்த வேலையைப் பழைய ஐரோப்பியக் கணக்கேடுகளின் அமைப்பிலிருந்து கற்றுக்கொண்டேன். அதில் எனக்குத் தெளிவானதை எழுதிவைத்தால் இனி தொடங்குகிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

தையல் கற்றது திருவல்லிக்கேணியில் ஒரு சிறிய பைண்டிங் கடையில். கல்லூரி ரெக்கார்டு நோட்டுகளும் வக்கீல் ஆபீஸ்களின் பழைய சட்டப் புத்தகங்களும் அங்கே அரை காலிகோ (முதுகுக்கும் மூலைக்கும் மட்டும் பைண்டிங் துணி) போட்டுக்கொள்ள வரும். மாலை நேரங்களில் போய் உட்கார்ந்து பாரம் (சில தாள்களைச் சேர்த்து நடுவில் மடித்த கட்டு) மடிக்கவும் தைக்கவும் பழகினேன். கடைக்கார அண்ணன் ஊசி எங்கே நுழைகிறது என்று பார்ப்பதே இல்லை. மடிப்பு அவர் விரல் நுனியில் இருக்கும். தைத்து முடித்ததும், மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையை முதுகில் பூசி, துணி ஒட்டி, அட்டை ஏற்றி, காலிகோ சுற்றி, பிரஸ்ஸில் இறுக்கிவிடுவார். மயில்துத்தம் பூச்சி வராமல் இருக்க.

“அண்ணே, முதுகுல பசை போடாம விட்டா என்னாகும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பசை இல்லாம அட்டை எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும் தம்பி?”

நியாயமான கேள்வி. நான் அப்படிக் கேட்டதற்கு 2015 டிசம்பர் வெள்ளம்தான் காரணம். சைதாப்பேட்டையில் பெரியப்பாவின் இரும்புச் சாமான் கடைக்குள் அடையாற்றுத் தண்ணீர் புகுந்து, கீழ்த்தட்டில் இருந்த பேரேடுகள் எல்லாம் ஊறிப்போயின. தண்ணீர் வடிந்ததும் அவற்றைக் காயவைக்கும் வேலை என்னிடம் வந்தது. அட்டைகள் ஊதிப் பருத்திருந்தன. காலிகோவின் சாயம் தாள் ஓரமெல்லாம் ஏறியிருந்தது. பசை கரைந்து முதல் சில தாள்களுக்குள் இறங்கி அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டிருந்தது; பூஞ்சை முதலில் பிடித்ததும் அந்த இடத்தில்தான். ஆனால் நடுவில் இருந்த பாரங்களில் தையல் அப்படியே இருந்தது. அட்டையையும் முதுகுத் துணியையும் உரித்துப் போட்டபிறகு, நூல் மட்டும் பிடித்திருந்த அந்தத் தாள் கட்டை விசிறியாக விரித்து மின்விசிறிக் காற்றில் உலர்த்த முடிந்தது. பெரியப்பாவின் பால்பேனா எழுத்து பெரும்பாலும் பிழைத்தது.

ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே ஃப்ளாரன்ஸ் நகரத்தில் இதையே பெரிய அளவில் கண்டிருக்கிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1966 நவம்பர் 4-ஆம் தேதி ஆர்னோ ஆறு பெருகி அங்கிருந்த தேசிய மைய நூலகத்துக்குள் புகுந்தது. நூல்களைக் காப்பாற்றப் பல நாடுகளிலிருந்து பைண்டர்கள் போனார்கள். பீட்டர் வாட்டர்ஸ் தலைமையில் போன பிரிட்டிஷ் குழுவில் கிறிஸ்டோபர் கிளார்க்சனும் இருந்தார். கெட்டி அட்டையும் பசையும் போட்ட புத்தகங்கள் சிதைந்து கிடக்க, பார்ச்மென்ட் தோலை அட்டை வைக்காமல் தளர்வாகச் சுற்றிக் கட்டிய பழைய புத்தகங்கள் தங்களுக்குள் இருந்த தாள்களைக் காத்திருந்ததை அவர் கவனித்தார். முதுகில் பசை மிகக் குறைவு. தோலோடு தாளைப் பிணைத்தது நூலும் வாரும்தான். அந்த அமைப்பைப் பற்றி அவர் 1982-இல் ஒரு சிறு நூலே எழுதினார். பழைய புத்தகங்களைப் பாதுகாக்கிறவர்கள் இன்றும் அதை எடுத்துப் பார்க்கிறார்கள்.

பார்ச்மென்டை நான் பயன்படுத்துவதில்லை. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, முடி நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்துவது அது. பதனிடாத தோல் என்பதால் காற்றின் ஈரத்துக்கு உடனே அசையும். சென்னைக் கடலோரக் காற்றில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அது நெளிந்து வளைந்துவிடும். பதனிட்ட ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ இங்கே பொருந்தும். அமைப்புக்கு நான் எடுத்துக்கொண்டது, 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மன் பேசும் ஊர்களின் கணக்கேடுகளிலும் பதிவேடுகளிலும் காணப்படுகிற நீள்தையல். பாரத்தின் நடு மடிப்பிலிருந்து நூல் கிளம்பி, மேலுறையின் முதுகையும் துளைத்து வெளியே வந்து, முதுகின்மேல் நீளமாக ஓடி, அடுத்த துளை வழியாக உள்ளே திரும்பும். பாரத்தையும் உறையையும் ஒரே தையல் பிடித்துக்கொள்கிறது. அட்டை எதைப் பிடித்து நிற்கும் என்ற அண்ணனின் கேள்விக்கு இதுதான் பதில்.

முதலில் தாள். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏ4 தாளை இரண்டாக மடித்துத் தைக்கப் பார்ப்பார்கள். கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் பொதுவாக இழை ஓட்டம் நீளவாக்கில் இருக்கும். அதைப் பாதியாக மடித்தால் இழை முதுகுக்குக் குறுக்கே விழும். அப்படிக் கட்டிய பதிவேடு திறந்தால் தட்டையாகப் படியாது, மழைக்காலத்தில் முதுகோரம் அலையலையாக நெளியும். இழை எப்போதும் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க, சிறு சதுரத் துண்டு ஒன்றை வெட்டி ஒரு முகத்தை மட்டும் நனையுங்கள். அது குழாய்போல் சுருளும். அந்தக் குழாயின் நீளவாக்குதான் இழை ஓட்டம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பெரிய ஷீட்டாகக் கெட்டியான லெட்ஜர் பேப்பர் வாங்கி, இழை பார்த்து வெட்டிக்கொள்வது நல்லது. கையால் செய்த தாளில் இந்தக் கவலை குறைவு, இழைகள் எல்லாப் பக்கமும் கலந்து கிடக்கும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலை 1959 முதல் இயங்குகிறது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து வரும் தாள் பழைய ஐரோப்பியக் கந்தைத் தாளுக்கு நெருக்கமானது.

கைத்தாளில் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். பசை ஏற்றாத கைத்தாளில் ஊற்றுப்பேனா மை பரவிவிடும். பழைய ஐரோப்பியத் தாளை ஜெலட்டின் கரைசலில் முக்கி எடுத்த பிறகுதான் எழுதக் கொடுத்தார்கள். 100 மில்லி வெந்நீருக்கு 2 கிராம் ஜெலட்டின் போதும். கரைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே தாளை முக்கிக் கொடியில் போட வேண்டும். சித்திரை வெயில் காலத்தில் செய்யுங்கள். மழை நாளில் செய்தால் காய்வதற்குள் பூஞ்சை வாசம் வந்துவிடும்.

தாளை நான்கு நான்காகச் சேர்த்து மடித்தால் ஒரு பாரம், 16 பக்கம். கைத்தாள் தடிமனாக இருந்தால் மூன்று போதும். எட்டுப் பாரத்தில் ஒரு நல்ல கைப்பதிவேடு ஆகிவிடும். மடிப்பை எலும்புத் துண்டால் அழுத்தித் தேய்த்து, ஒரு இரவு முழுக்கக் கனமான பலகைக்கு அடியில் வைத்துவிடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் எந்தத் தையலாலும் அதை ஈடுகட்ட முடியாது.

துளை போடுவதற்கு முன் ஒரு வேலை உண்டு. நான் கற்றதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பழைய கணக்கேடுகளில் ஒவ்வொரு பாரத்தின் நடு மடிப்பிலும் ஒரு மெல்லிய பார்ச்மென்ட் பட்டையை வைத்துத் தைத்திருப்பார்கள். நூல் தாளை அறுக்காமல் இருக்க. பட்டைக்குப் புதுத் தோலை வீணாக்காமல், பழைய கையெழுத்துச் சுவடிகளை வெட்டிப் பயன்படுத்தினார்கள். வேறெங்கும் கிடைக்காத பழைய பாடல்களும் பிரார்த்தனைகளும் இந்தப் பட்டைகளில் துண்டு துண்டாக இன்றும் ஆய்வாளர்களுக்குக் கிடைத்துவருகின்றன. நான் ஒரு விரல் அகலத்துக்குக் கஞ்சி நீக்கிய மல் துணியை மடித்து வைக்கிறேன். நாள்தோறும் திறக்கிற பதிவேடு எங்கே முதலில் கிழியும் என்றால் அந்த நடு மடிப்பில்தான். இந்தத் துணிப் பட்டை அதற்குக் காவல்.

நூல் லினன் நூலாக இருக்கட்டும். நைலான் வேண்டாம். அது இழுவைக்கு நீளும், முடிச்சில் வழுக்கும், தாளையும் அறுக்கும். லினன் நூலைத் தேன்மெழுகில் இரண்டு தரம் இழுத்துக்கொண்டால் சிக்காது. துளையைக் குத்தூசியால் மடிப்பின் உள்ளிருந்து வெளியே குத்துங்கள். பாரத்தை ‘வி’ வடிவத் தொட்டிலில் பாதி திறந்து வைத்துக் குத்தினால் துளை சரியாக மடிப்பின்மேல் விழும். தைக்கும்போது நூலை எப்போதும் முதுகுக்கு இணையாக, அடுத்த துளை இருக்கும் திசையிலேயே இழுக்க வேண்டும். உங்களை நோக்கி நேராக இழுத்தால் துளை கிழிந்து நீளும். திருவல்லிக்கேணி அண்ணன் முதல் நாளே சொன்னது இது. எந்த நாட்டு முறையில் தைத்தாலும் இது மாறவில்லை.

உறைக்கு 1.5 முதல் 2 மில்லிமீட்டர் கனமுள்ள தோல் வேண்டும். முதுகின் அகலத்தை அளக்கும்போது பாரங்களை இறுக்கி அளக்காதீர்கள். விரலால் மெல்லப் பிடித்து அளந்து, அதற்குமேல் இரண்டு மில்லிமீட்டர் விடுங்கள். ஒவ்வொரு பாரத்திலும் நூலும் துணிப் பட்டையும் சேர்ந்து முதுகைக் கொஞ்சம் பருக்கச் செய்யும். முதுகில் துளை வரும் இடத்தில் கெட்டியான தோல் துண்டு ஒன்றைக் கூடுதலாக வெளியே வைத்து, அதையும் சேர்த்துத் தைத்தால் நூல் உறைத்தோலை அறுக்காது. பழைய ஏடுகளில் இதற்குக் கொம்பும் மரமும்கூட வைத்திருக்கிறார்கள்.

தோலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதில் நம் ஊரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் லண்டன் பைண்டர்கள் மலிவான புத்தகங்களுக்கு இந்தியாவில் பதனிட்ட ஆட்டுத்தோலையும் செம்மறித்தோலையும் ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். வியாபாரத்தில் அதற்குப் ‘பெர்ஷியன்’ என்று பெயர். நூலகங்களில் புத்தக முதுகுகள் செந்தூளாக உதிரத் தொடங்கியதும், லண்டன் கலைக் கழகம் ஒரு குழு அமைத்துக் காரணத்தை ஆராய்ந்தது. 1901-இல் வந்த அறிக்கை இந்தத் தோலை மிக மோசமானது என்றது. பத்து ஆண்டுக்குள்ளேயே சிதைவு தெரிகிறது என்றது. அந்தத் தோலைப் பதனிடப் பயன்பட்டது ஆவாரம் பட்டை. நம் பொட்டல் காடுகளில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற அதே ஆவாரை.

குறை தோல்காரர்களின் கைத்திறனில் இல்லை. தாவரப் பதனிடு பொருள்களில் இரண்டு வகை உண்டு. ஆவாரம் பட்டையும் வேலம் பட்டையும் ஒரு வகை. கடுக்காயும் ஐரோப்பாவின் சுமாக் இலையும் இன்னொரு வகை. முதல் வகையில் பதனிட்ட தோல், விளக்குக்கு எரித்த வாயுவிலும் நகரக் காற்றிலும் இருந்த கந்தகப் புகையை உறிஞ்சி அமிலமாகி உதிர்ந்தது. இரண்டாம் வகை அதைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தது. செருப்புக்கும் பைக்கும் ஆவாரம் தோல் அருமையான தோல். நூறு ஆண்டு அலமாரியில் நிற்க வேண்டிய புத்தகத்துக்குத்தான் அது சரிவரவில்லை.

அதனால் பெரியமேட்டில் தோல் வாங்கும்போது, எதில் பதனிட்டது என்று கேட்கிறேன். பல கடைகளில், “ஈ.ஐ. தோல், நம்பி வாங்குங்க சார்” என்பதோடு முடித்துவிடுவார்கள். ஈ.ஐ. என்பது ‘ஈஸ்ட் இந்தியா’; தாவரப் பொருளில் பதனிட்ட நம் ஊர்த் தோலின் வியாபாரப் பெயர். பொறுமையாகக் கேட்டால் கடுக்காய் கூடுதலாகப் போட்ட சரக்கை எடுத்துக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கொஞ்சம் வெளிறின மஞ்சளாக இருக்கும். அப்படிக் கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் பசையில்லாத அமைப்புதான். தோலைத் தாளோடு ஒட்டியிருந்தால், தோல் சிதையும்போது முதுகையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும். நீள்தையலில் அறுபது ஆண்டு கழித்துத் தோல் உதிர்ந்தாலும், தையலைப் பிரித்துப் புது உறையில் அதே துளைகள் வழியாகத் தைத்துவிடலாம். உள்ளே எழுதியிருப்பதற்கு ஒன்றும் ஆகாது.

பூச்சி விஷயத்திலும் இதே கதை. நம் ஊரில் இராமபாணப் பூச்சி முதலில் தேடுவது மைதாப் பசையை. மயில்துத்தம் அதைத் தடுக்கும், ஆனால் செம்பு உப்பு காலப்போக்கில் தாளையே பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். பசையே இல்லாவிட்டால் மயில்துத்தம் வேண்டாம், பூச்சிக்கும் ஈர்ப்பு குறையும். அதற்காகத் தோல் உறைப் பதிவேட்டைச் சுவரை ஒட்டி வைத்துவிடாதீர்கள். காற்று ஓடுகிற இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறையாவது திறந்து புரட்டுங்கள்.

கனமான பேரேடுகளுக்கென்று இங்கிலாந்தில் வளர்ந்த ஸ்பிரிங்-பேக் முறையையும் பழகிப் பார்த்தேன். 1799-இல் ஜான், ஜோசப் வில்லியம்ஸ் என்ற இருவருக்கு லண்டனில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. தாளை அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒரு உருளைமேல் சுற்றிக் காயவைத்தால், பாதி திறந்த குழாய் வடிவில் கெட்டியான முதுகு கிடைக்கும். அது பாரங்களின் முதுகைக் கவ்விக்கொள்ளும். அட்டையைத் திறக்கும்போது உள்ளே இருக்கிற நெம்புகோல் போன்ற பட்டை அந்தக் குழாயை விரிக்க, முதுகு ‘டப்’ என்று மேலே எழும்பி, பக்கங்கள் மேசைபோல் தட்டையாகிவிடும். ஐந்து கிலோ பேரேட்டில்கூட நடு மடிப்பு வரை எழுதலாம். என்ன அழகான யோசனை! ஆனால் அடி முதல் முடி வரை பசையும் அட்டையும். வறண்ட ஊரில், பெரிய அளவுப் பதிவேடு தேவைப்படுகிறவர்கள் செய்யட்டும். சென்னையில் தரைத்தள அறையில் வைக்கப்போகிற எதற்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பாரம் பாரமாகத் தைத்த ஏட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. வியாபாரிகள் அதை நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். தைத்த பாரத்தில் ஒரு தாளைக் கிழித்தால், மடிப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற அதன் ஜோடித் தாளும் தளர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி 1494-இல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலில் வியாபாரிக்கு மூன்று ஏடுகள் சொல்கிறார்: அன்றன்று குறித்துவைக்கும் சிட்டை, வரிசைப்படுத்திய குறிப்பேடு, கடைசியாகப் பேரேடு. முதல் தொகுதி ஏடுகளுக்குச் சிலுவைக் குறியும், அவை நிரம்பியதும் அடுத்த தொகுதிக்கு ‘ஏ’ என்ற எழுத்தும் போடச் சொல்கிறார். தாள்களுக்கும் எண் போட வேண்டும் என்கிறார். அந்த நூலுக்கு எண்பது ஆண்டுக்கும் மேல் முன்னால், இத்தாலியின் பிராட்டோ ஊர் வணிகர் பிரான்செஸ்கோ தத்தீனி 1410-இல் இறந்தபோது சுமார் 500 கணக்கேடுகளையும் ஒன்றரை லட்சம் கடிதங்களையும் விட்டுச்சென்றார். அவை இன்றும் அதே ஊரில் இருக்கின்றன. ஒரு தனி மனிதரின் கொடுக்கல் வாங்கல் ஆறு நூற்றாண்டுக்குப் பிறகும் படிக்கக் கிடைப்பதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கும். நான் கட்டுகிற ஒவ்வொரு பதிவேட்டிலும் முதல் வரி எழுதுவதற்கு முன்பே எல்லாத் தாளுக்கும் எண் போட்டுவிடுங்கள் என்று வாங்குகிறவரிடம் சொல்வேன்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நீள்தையலைக்கூட நான் முதலில் சொல்வதில்லை. அதைவிட எளியது, கணக்கேடுகளிலும் ஆவணக் கட்டுகளிலும் இருந்த முறுக்குக் கட்டு. ஈரமான பார்ச்மென்ட் வாரை முறுக்கி, ஒரு பாரத்தின் மடிப்பையும் உறையையும் சேர்த்து இரண்டு துளை வழியாகக் கோத்து, வெளியே முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பாரமும் தனித்தனியாக உறையில் தொங்கும். பார்ச்மென்டுக்குப் பதில் மெழுகிட்ட தடித்த லினன் நூலை இரட்டையாக முறுக்கிக்கொண்டால் போதும். ஒரு மாலையில் முடியும் வேலை, பிரஸ்ஸும் தேவையில்லை.

செங்கல்பட்டுப் பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிற ஒரு அக்கா, விதைத்த நாள், முளைத்த நாள், மழை எல்லாம் எழுத ஒரு பதிவேடு கேட்டார். எத்தனை பக்கம் வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை. அகலமான முதுகுள்ள உறையில் மூன்று பாரம் மட்டும் முறுக்குக் கட்டாகப் போட்டுக் கொடுத்தேன். கூடவே துளையிட்ட பாரங்கள் சிலவும், மெழுகிட்ட நூலும், ஒரு ஊசியும். முதல் பாரம் நிரம்பியதும் நான்காவதை அவரே கட்டிக்கொண்டார். தாள் எண்ணை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னேன். ஆடியில் போனபோது ஐந்தாவதும் சேர்ந்திருந்தது. நடு மடிப்பில் விதைப் பொட்டலத்தின் சீட்டைச் செருகிவைத்திருந்தார். முதுகில் இன்னும் இரண்டு பாரத்துக்கு இடம் இருக்கிறது.